மூன்றாம் ஓலை

பிரான்சி டீச்சர் சந்தன மாதாவுக்கு எழுதிப் போட்ட விண்ணப்பத்தில் ஒரே ஒரு வார்த்தை விட்டுப்போனது. அதை மட்டும் எழுதித் தொலைத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. நானும் என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன்.

பாலக்கரை மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வளைந்து வளைந்து போகிற சந்தில் இருக்கிறது சந்தன மாதா கோயில். சந்தன மாதா வேறு யாருமில்லை, மரியாளைப் பெற்ற அன்னம்மாள்தான். அந்தக் கோயிலில் பதினெட்டு வருஷமாகக் கீபோர்டு வாசிப்பவள் பிரான்சி. வயது நாற்பத்து மூன்று. திருவானைக்காவல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அவர்கள் விட்டுப்போன இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். தனியாக என்றதும் 'ஐயோ பாவம்' என்று முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். நன்றாகத்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பூசைக்கும் வாசித்துவிட்டு, வரும் வழியில் அரைக் கிலோ கறி எடுத்து, தன் வாய்க்குப் பிடித்த காரத்தில் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஃபேனுக்குக் கீழே நாலு மணிவரைக்கும் தூங்குவாள். எழுப்ப ஆள் கிடையாது. ராஜ வாழ்க்கை!

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு குறை. ஆடி மாதத் திருவிழாவில் சப்பரம் கிளம்பும்போது பங்கே, அதாவது கோயிலைச் சேர்ந்த சனம் முழுக்க, தெருவில் இறங்கிவிடும். இவள் மட்டும் காலிக் கோயிலுக்குள் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பாள். தெருத் தெருவாகக் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கருக்கெல்லாம் இங்கிருந்துதான் பாட்டுப் போகவேண்டும். பதினெட்டுத் திருவிழாவில் ஒரு தடவைகூட சப்பரத்தோடு நடந்ததில்லை. இன்னொருவர் வேண்டும் என்று ஃபாதரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "ஆளு எங்கம்மா கிடைக்குது?" என்பார்.

சரி, பெரிய இடத்திலேயே கேட்டுவிடுவோம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்துக்கு எழுதி, மாதா சுரூபத்துக்கு அடியில் இருக்கிற விண்ணப்பப் பெட்டியில் போட்டாள். "தாயே, பதினெட்டு வருஷமாக ஒற்றை ஆளாகவே ஒப்பேற்றிவிட்டேன். இனிமேல் முடியவில்லை. எனக்கு ஒரு துணை தாரும்."

கீபோர்டுக்கு என்று எழுதவில்லை. அதை வேறு எழுதுவானேன்? பதினெட்டு வருஷமாக எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிற மாதாவுக்குத் தெரியாதா?

மாதாவுக்குத் தெரிந்திருக்கும். அமலோற்பவத்துக்குத் தெரியவில்லையே!

அமலோற்பவம் அந்தத் தெரு அன்பியத்தின், அதாவது கூடிச் செபிக்கிற குடும்பங்களின், தலைவி. பங்கில் யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்று ஃபாதருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். நல்ல மனுஷிதான். நல்ல மனுஷிகளிடம் மாட்டினால் மீள்வது கஷ்டம். நவநாளில் விண்ணப்பங்களை மைக்கில் வாசிப்பது அவள்தான். பிரான்சியின் காகிதத்தைப் பிரித்தாள், வாசித்தாள், மைக்கிலேயே மூக்கை உறிஞ்சினாள். பேர் போடாவிட்டால் என்ன? பாட்டுப் புத்தகம், பாட்டுச் சீட்டு என்று பங்கில் எல்லாரும் கையில் பிடித்துப் பாடுவது பிரான்சியின் அந்தக் குண்டு குண்டு எழுத்தைத்தானே. அமலோற்பவத்தின் கண் போன வழியே கோயிலில் இருந்த அத்தனை தலையும் கீபோர்டுப் பக்கம் திரும்பியது. பிரான்சி, அடுத்த பாட்டுக்கு நேரமாகிவிட்டதாக்கும் என்று அவசர அவசரமாக வாசிக்க ஆரம்பித்தாள்.

நாலே நாளில் அமலோற்பவம் ஒரு ஃபோட்டோவோடு வீட்டுக்கு வந்து நின்றாள்.

"பேரு பிலவேந்திரன். தென்னூரு. ரயில்வேல இருக்காரு. சம்சாரம் போயி நாலு வருசமாச்சு, புள்ளகுட்டி இல்ல. குடி கிடையாது, கூத்து கிடையாது. மாதா உனக்குன்னு எடுத்து வச்சிருக்கா கண்ணு!"

"எதுக்குக்கா எனக்கு?"

"நீதான கேட்ட, துணை வேணும்னு?"

பிரான்சிக்கு அப்போதுதான் புரிந்தது. "ஐயோ அக்கா, அது அந்தத் துணை இல்ல. கீபோர்டு வாசிக்க ஒரு ஆளு கேட்டேன்!"

அமலோற்பவம் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தாள். "நாப்பத்து மூணு வயசுல வெக்கத்தப் பாரேன்! கீபோர்டுக்காம்ல!"

உண்மையைச் சொன்னால் அதுவே சாக்குப்போக்காகத் தெரிகிறது என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிற ஹம்ஸா டீச்சரிடம் சொல்லிப் பார்த்தாள். ஹம்ஸா ஸ்ரீரங்கத்துக்காரி, உத்திர வீதி, விவரமானவள். முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள். "பிரான்சி, நீ ஒண்ணு பிரார்த்திச்சே, பகவான் ஒண்ணு அனுக்ரஹம் பண்ணிட்டார். திருவுள்ளம் அப்படின்னா நாம யாரு மறுக்கறதுக்கு? பேசாம பண்ணிக்கோ!"

மாப்பிள்ளையும் அவர் அக்காவும் ஃபாதர் வீட்டுக்கு வந்தார்கள். பிரான்சி போனது 'வேண்டாம்' என்று சொல்லத்தான். இதை நான் அடித்துச் சொல்வேன். வாசலிலேயே செருப்பை விடும்போதே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டுதான் உள்ளே போனாள். பிலவேந்திரன் ஒல்லியான ஆள், ஐம்பது வயது, காலரில் பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குடித்த காப்பித் தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். அவருடைய அக்கா பிரான்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. "தம்பி நாலு வருசமா வீட்டுல லைட்டு போட மாட்டேங்குதும்மா. இருட்டுலயே சாப்பிடுது." பிரான்சிக்கு மனசு இளகிப்போய், "அழாதீங்கம்மா, அழாதீங்க" என்று தலையை ஆட்டினாள். அந்த நேரம் பார்த்தா ஃபாதர் தனிஸ்லாஸ், "என்னம்மா பிரான்சி, சம்மதம்தானே?" என்று கேட்டு வைக்கவேண்டும்?

ஆறுதலுக்கு ஆட்டிய தலை சம்மதமாகிப் போனது. கைதட்டினார்கள். அமலோற்பவம் சர்க்கரையை அள்ளிப் பிரான்சியின் வாயில் போட்டாள். வாய் நிறையச் சர்க்கரையோடு எப்படி வேண்டாம் என்பது?

மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிரசங்கத்தில் ஃபாதர் இவளைத்தான் எடுத்தார். அன்னம்மாளுக்குக் கடவுள் காலம் கடந்துதான் குழந்தை வரம் கொடுத்தார், அதேபோல நம் பங்கிலும் காலம் கடந்து ஒரு மகளுக்கு வரம் கிடைத்திருக்கிறது, இது சந்தன மாதாவின் புதுமை, பெரிய அற்புதம் என்றார். ஆளாளுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இதற்கப்புறம் வேண்டாம் என்றால், பிலவேந்திரனை வேண்டாம் என்றா அர்த்தம்? மாதாவையே வேண்டாம் என்றதாக அல்லவா ஆகும்! பிரான்சி கீபோர்டுக்குப் பின்னால் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஃபாதர் ஒரு ஃபாரம் நிரப்புவார். அதில் ஒரு கேள்வி உண்டு. "இந்தத் திருமணத்துக்கு யாராவது உன்னைக் கட்டாயப்படுத்துறாங்களா?"

பிரான்சி யோசித்துப் பார்த்தாள். யார் கட்டாயப்படுத்தினார்கள்? ஒருத்தரும் மிரட்டவில்லை, ஒருத்தரும் கையை முறுக்கவில்லை. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பாழாய்ப்போன சந்தோஷத்துக்கு ஃபாரத்தில் ஒரு கட்டம் இல்லையே.

"இல்லைங்க ஃபாதர்" என்று கையெழுத்துப் போட்டாள்.

பிறகு ஓலை வாசிப்பு. கல்யாணத்துக்கு முந்தி மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிவில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் அறிவிப்பார்கள். மூன்று ஓலையும் வாசித்து யாரும் தடை சொல்லாவிட்டால் முடிந்தது கதை. ஆவணி முதல் வாரம் கல்யாணம். அதனால் மூன்று ஓலையும் திருவிழாவை ஒட்டியே வந்தன. மூன்றாவது, திருவிழா அன்றைக்கே.

"தன்னோட ஓலைய பொண்ணு கேக்கக் கூடாது, ஆகாது" என்று அமலோற்பவம் ஒரு சட்டம் கொண்டுவந்தாள். எந்த வேதத்தில் இருக்கிறதோ தெரியாது. முதல் ஓலை அன்றைக்குப் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக பிரான்சி ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருந்தாள். ஆனால் திருவிழாவுக்கென்று கட்டிய ஸ்பீக்கர் ஒன்று அவள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில்தான் இருந்தது! கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள். ஃபாதர் குரல் சமையற்கட்டு வரைக்கும் வந்தது.

"காலஞ்சென்ற வியாகுலம், செங்கோல்மேரி தம்பதியரின் மகள் பிரான்சிக்கும், தென்னூர்ப் பங்கைச் சேர்ந்த பிலவேந்திரனுக்கும் இது முதல் ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் உண்டென்று அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

அதைவிட அவள் வயிறு எரிந்தது அடுத்த நிமிஷம். முடிவுப் பாட்டுக்குக் கீபோர்டு கேட்டது. யாரோ வாசிக்கிறார்கள். ஒரு இடம் பிசகவில்லை, தாளம் தப்பவில்லை. விசாரித்தால், ஞானப்பிரகாசமாம், பேங்கில் ரிட்டயர்டு ஆனவராம், மூன்று வருஷமாக இதே பங்கில்தான் இருக்கிறாராம். பிரான்சி கல்யாணமாகித் தென்னூர்ப் பங்குக்குப் போகப்போகிறாளே, இடம் காலியாகுமே என்று ஃபாதர் ஒரு அறிவிப்புச் செய்தார், மறுநாளே மனுஷன் வந்து நின்றாராம். பதினெட்டு வருஷமாகக் கிடைக்காத ஆள்! அவள் கேட்டபோது இல்லாத ஆள், அவள் போகிறாள் என்றதும் ஒரே நாளில் முளைக்கிறார். பிரான்சி அன்றைக்குக் கறி எடுக்கவில்லை, குழம்பு வைக்கவில்லை. தயிர்ச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அழுதாள்.

இரண்டாம் ஓலையும் போனது.

சனிக்கிழமை சாயங்காலம் சப்பரம். கீபோர்டில் ஞானப்பிரகாசம் உட்கார்ந்திருந்தார். "டீச்சர், இந்த வருசம் நீங்க நடங்க!" என்று பிரான்சியை இழுத்துக்கொண்டு போனார்கள். சப்பரத்தைச் சுற்றிக் கூட்டம் நெருங்காமல் இருக்க வாலண்டியர்கள் பெரிய வடக்கயிறு பிடித்து வருவார்கள். அந்தக் கயிற்றுக்குள்ளே, சப்பரத்துக்கு நேர் பின்னால், பிரான்சியையும் பிலவேந்திரனையும் ஜோடியாக நிறுத்தினார்கள். பின்னாலிருந்து என்ன தெரியும்? மாதாவுக்கு முட்டுக் கொடுத்த பலகையும் ஒயரும்தான். லைட்டுக்கான ஜெனரேட்டர் வண்டி தடதடவென்று முதுகுக்குப் பின்னால் புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. சனம் சப்பரத்தின்மேல் உப்பும் மிளகும் பொரியும் வீசியது. பாதி இவர்கள் தலையில் விழுந்தது. வழியெல்லாம் பெண்கள் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி அவள் நெற்றியில் சிலுவை போட்டார்கள். "மாதா குடுத்த ஜோடி!" என்றார்கள்.

பேண்டு கொஞ்சம் ஓய்ந்தபோது பிலவேந்திரன் மெதுவாகச் சொன்னார். "வீட்டுல ஒரு கீபோர்டு வாங்கி வச்சிருக்கேங்க. எது நல்லதுன்னு தெரியல, கடைக்காரர் சொன்னத வாங்கினேன். இங்க விட்டுட்டு வரீங்களேன்னு மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு."

அடப் பாவி மனுஷா, ஏன் இப்படி நல்லவனாக இருந்து தொலைக்கிறாய்! பிரான்சி அந்தக் கீபோர்டையும், அதற்கு எதிரில் உட்கார்ந்து கேட்கப்போகிற இந்த ஒற்றை மனுஷரையும், தென்னூரில் விளக்குப் போட்ட அந்த வீட்டையும் நினைத்துப் பார்த்தாள். வேண்டாம். அவளுக்கு வேண்டாம், அவ்வளவுதான். வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் காட்டியே ஆகவேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

கயிறு பிடித்து வந்த ஆளிடம், "தம்பி, கொஞ்சம் கயிற்றைத் தூக்குப்பா, நான் வெளிய போகணும்" என்றாள்.

"எங்க போறீங்க டீச்சர்? மாதாவ விட்டுட்டா?" என்று அவன் சிரித்துக்கொண்டே கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான். மூன்று மணி நேரம், எட்டுத் தெரு, அந்தக் கயிற்றுக்குள்ளேயே நடந்தாள்.

மறுநாள் காலை திருவிழாப் பூசைக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது பிரான்சி ஃபாதர் அறைக்குப் போனாள். தலை சீவியிருந்தாள், புடவை கட்டியிருந்தாள், தூங்கியிருக்கவில்லை. மேஜைமேல் அன்றைக்கு வாசிக்கவேண்டிய அறிவிப்புகள் இருந்தன.

"வாம்மா. நீ இன்னைக்கு வரக்கூடாதுன்னு அமலோற்பவம் சொல்லிச்சே?"

"தடை சொல்ல வந்தேன் ஃபாதர்."

"தடையா? எந்த ஓலைக்கு?"

"மூணாவது ஓலைக்கு. பிலவேந்திரனுக்கும் பிரான்சிக்கும்."

ஃபாதர் தனிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றினார். "விளையாடாத. என்ன தடை?"

"பொண்ணுக்கு இஷ்டமில்லை."

"நீதான சம்மதிச்ச? ஃபாரத்துல கட்டாயம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்க."

"கட்டாயம் இல்லைதான் ஃபாதர். எல்லாரும் சந்தோஷப்பட்டீங்க. அதை எந்தப் பேர்ல எழுதுறதுன்னு எனக்குத் தெரியலை."

ஃபாதர் குரலை இறக்கிக்கொண்டு கெஞ்சினார். "பிரான்சி, இன்னைக்குத் திருவிழா. பிரசங்கத்துல வேற சொல்லிட்டேன், புதுமைன்னு. இன்னைக்கு ஓலை வாசிச்சிடுவோம், நாளைக்கு உக்காந்து பேசுவோம். பத்து நாள் கழிச்சு நிறுத்திக்கிட்டாக்கூட..."

"நாளைக்குப் புடவை எடுக்கப் போறாங்க. நாளன்னைக்கு மண்டபம். நீங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுவீங்க, நான் தலையாட்டிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும் ஃபாதர். தடை அறிஞ்சவங்க சொல்லக் கடமைப்பட்டிருக்காங்கன்னு நீங்கதான வாசிச்சீங்க? இந்தப் பங்குல அதை அறிஞ்சவ நான் ஒருத்திதான்." ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். "மாதாவுக்கும் ஒரு கெட்ட பேரும் வராது. நான் கேட்டதை அவ குடுத்துட்டா. அந்தா, ஞானப்பிரகாசம் சார் வந்து உக்காந்திருக்காரு பாருங்க."

ஃபாதர் ஜன்னல் வழியாகக் கோயிலைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கவேண்டும். ஓலைத் தாளில் அந்த ஒரு பத்தியைப் பேனாவால் அடித்தார். "ஓலைய நான் நிறுத்திடலாம். ஆனா அந்த மனுசன் பாவம், திருவிழாப் பூசைக்கு வந்து வெளிய நிக்கிறாரு. திடீர்னு ஓலை வாசிக்கலைன்னா, அவர் மேல ஏதோ கோளாறுன்னுதான் ஊரு பேசும். அவர்கிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

பிலவேந்திரன் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்றார். திருவிழாவுக்கென்று எடுத்த புதுச் சட்டை, மடிப்புக் கோடுகூடக் கலையவில்லை. அவளைப் பார்த்ததும், நிற்பதா பக்கத்தில் வருவதா என்று தெரியாமல் ஒரு அடி வந்தார்.

"இன்னைக்கு நம்ம ஓலை வாசிக்க மாட்டாங்க. நான் தடை சொல்லிட்டேன்" என்றாள் பிரான்சி. "யாராவது கேட்டா நான்தான்னு நானே சொல்லுவேன். உங்க பேர்ல ஒரு சொல் வர விடமாட்டேன்."

அவர் முகம் சுருங்கியது. "எங்கிட்ட என்னங்க குறை?"

"ஒண்ணுமில்லைங்க. சத்தியமா ஒண்ணுமில்லை."

"அப்புறம்?"

"நான் மாதாகிட்ட துணை கேட்டது, கீபோர்டு வாசிக்க. இன்னொரு ஆள் வேணும்னு. கல்யாணத்துக்கு இல்லை." சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். சிரிக்கப் போகிறார் என்று காத்திருந்தாள்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை விடாமல் காதில் வாங்கிக்கொண்டு, புரிந்ததற்கு அடையாளமாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

"இத ஏங்க முன்னாடியே சொல்லல?"

"சொன்னேங்க. எல்லார்கிட்டயும் சொன்னேன். சிரிச்சாங்க."

"எங்கிட்ட சொல்லலையேங்க" என்றார் பிலவேந்திரன். "நான் சிரிச்சிருக்க மாட்டேனே."

ஒரு மாதமாகத் தனக்காகவே அழுதுகொண்டிருந்த பிரான்சிக்கு, முதல் தடவையாக அந்த மனுஷருக்காக அழுகை வந்தது.